சவ்வுகளின் கதை – 14: மூன்று பெண்கள், ஒரு கோடு

சென்ற வாரம் டெட்டனஸ், பொட்டுலினம் என்னும் இரண்டு நஞ்சுகளின் கதையைப் பார்த்தோம். நரம்பு முனைக்குள் நூற்றுக்கணக்கான நுண்பைகள் காத்திருக்கின்றன. அடுத்த செல்லுக்குப் போகவேண்டிய வேதிச் செய்தி ஒவ்வொன்றிலும் நிரம்பியிருக்கிறது. பை வெளிச்சவ்வோடு ஒன்றினால்தான் செய்தி வெளியேறும். அப்படி ஒன்றவைக்கும் மூன்று புரதங்களில் ஒன்றை இந்த நஞ்சுகள் வெட்டிவிடுகின்றன. வெட்டுப்பட்டது எது என்று கண்டுபிடிக்க, முயல்களிலும் சுண்டெலிகளிலும் உருவாக்கிய ஆன்டிபாடிகள் கைகொடுத்தன.

இந்த வாரம் வரும் ஆன்டிபாடிகளை எந்த ஆய்வகமும் உருவாக்கவில்லை. அவை மனித உடல்களில், அந்த உடல்களுக்கு எதிராகவே தோன்றியவை. நரம்பு முனையின் முக்கியமான ஒரு புரதத்தை நோயோடு முடிச்சுப் போட்டவை அவைதான்.

நிமிர்ந்தபடியே விழுந்தவர்கள்

1924. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மேயோ கிளினிக்குக்கு, அயோவாவிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயது 49. உடம்பு இறுகுகிறது, நடக்க முடியவில்லை என்றார்.

ஃபிரெடரிக் மோர்ஷ், ஹென்றி வோல்ட்மன் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளை ஒருவர் ஒருவராகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். 14 பேர் சேர 32 ஆண்டுகள் ஆயின. 1956-இல் அவர்கள் கட்டுரை வெளியானது. நோய்க்கு ‘ஸ்டிஃப் மேன் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று தெரிந்த பிறகு அது ‘ஸ்டிஃப் பர்சன்’ ஆனது. 2022 டிசம்பரில் பாடகி செலின் டியோன் தமக்கு இருப்பதாக அறிவித்தது இந்த நோயைத்தான்.

முழங்கையை மடக்கிப் பாருங்கள். முன்புறத் தசை சுருங்கும்போது பின்புறத் தசை தளர்கிறது. ‘நீ சும்மா இரு’ என்று பின்தசைக்கு ஒரு தடைச் செய்தி போவதால்தான் அது நடக்கிறது. இந்த நோயில் அந்தத் தடை போதாமல் போகிறது. எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. முதுகும் வயிறும் விறைக்கின்றன. கதவு படாரென்று சாத்தினாலும், யாராவது திடீரென்று தோளைத் தொட்டாலும், மனம் பதறினாலும் உடம்பு முழுக்க இழுத்துப் பிடிக்கும். அந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்தால், கையை ஊன்றித் தடுத்துக்கொள்ள முடியாமல் நிமிர்ந்தபடியே விழுவார்கள். தூங்கினால் மட்டும் இறுக்கம் தளரும்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. சாலையைக் கடக்கவே பயப்படுகிறார்கள், தூங்கும்போது சரியாகிவிடுகிறது, மனம் கலங்கினால் கூடுகிறது. எனவே, ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அதிலும் பெண்கள் சொன்னதை நம்பாமல் விட்டது அதிகம். இந்த நோயின் வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் அந்த இடத்தில் மனம் கனக்காமல் இருக்காது.

முதல் துப்பு 1963-இல் கிடைத்தது. அதே மேயோ கிளினிக்கில் ஃபிராங்க் ஹோவர்ட், டயாசிபாம் மாத்திரை இந்த நோயாளிகளின் இறுக்கத்தைத் தளர்த்துவதைக் கண்டார். அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது. மூளையின் முதன்மைத் தடைச் செய்தியாகிய காபா என்னும் வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது.

அப்படியானால் இந்த நோயாளிகளுக்குக் குறைவது காபாவா? குறைப்பது யார்?

ஒரு சொட்டு சீரம்

பியத்ரோ டி கமில்லி இத்தாலியர். மருத்துவம் படித்துவிட்டு நரம்பு முனைகளின் பக்கம் திரும்பியவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பால் கிரீன்கார்டுடன் சேர்ந்து, நுண்பைகளின்மீது ஒட்டியிருக்கும் சினாப்சின் என்ற புரதம் மூளையில் எங்கெங்கே இருக்கிறது என்று ஆன்டிபாடிகளை வைத்துக் கண்டறிந்தவர். நரம்பு முனைகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை.

1980-களின் பிற்பகுதியில் ஒரு நோயாளியின் சீரம் அவருடைய குழுவின் கைக்கு வந்தது. அந்த நோயாளிக்கு உடல் விறைப்பு, வலிப்பு, முதல் வகை நீரிழிவு ஆகிய மூன்றும் இருந்தன. முதல் வகை நீரிழிவு, உடலின் பாதுகாப்புப் படை தன் கணையத்தையே தாக்குவதால் வருவது. அப்படியென்றால் விறைப்பும் அதே வகைத் தாக்குதலாக இருக்கலாமே?

சோதனை எளிமையானது. மூளைத் திசுவை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். நோயாளியின் சீரத்தை நீர்க்கச் செய்து அதன்மேல் விடுவார்கள். சிறிது நேரம் கழித்துக் கழுவுவார்கள். ஒட்டாதவை போய்விடும். திசுவில் எதையாவது பிடித்துக்கொண்ட ஆன்டிபாடி மட்டும் தங்கும். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால், மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி ஒன்றை நிறமேற்றி விடுவார்கள். மறுபடி கழுவிவிட்டு நுண்ணோக்கியில் வைப்பார்கள்.

ஒட்டியிருந்தது. மூளையின் சாம்பல் பகுதியெங்கும் படிந்திருந்தது. அது தாறுமாறான படிவும் அல்ல. நரம்பு செல்களைச் சூழ்ந்திருக்கும் முனைகளில், அவற்றிலும் காபாவைப் பயன்படுத்தும் முனைகளில்தான் இருந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையும் அதே சீரம் பிடித்தது.

மூளையின் காபா செல்களுக்கும் கணையத்தின் பீட்டா செல்களுக்கும் பொதுவாக இருப்பது எது? காபாவைத் தயாரிக்கும் நொதி. சுருக்கமாக ஜிஏடி. மிக்கேலே சொலிமெனா முதலாசிரியராக, 1988-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இது வெளியானது. 14 பேரின் குறிப்பேடாகத் தொடங்கிய நோய்க்கு முதல் முறையாக ஒரு மூலக்கூறின் பெயர் கிடைத்தது.

நீரிழிவு ஆய்வாளர்களுக்கும் இது புதையலானது. முதல் வகை நீரிழிவு நோயாளிகளின் இரத்தம் பிடித்துக்கொள்ளும், யாரென்று தெரியாத ஒரு புரதத்தை அவர்கள் பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஜிஏடிதான் என்று 1990-இல் தெளிவானது. அந்தக் கிளைக்கதை பெரியது, இங்கே விட்டுவிடுகிறேன்.

நமக்கு வேண்டியது அதே 1990-இல் வந்த இன்னொரு கணக்கு. 33 நோயாளிகளைச் சோதித்ததில் 20 பேரின் சீரம் மட்டுமே காபா செல்களைப் பிடித்தது.

மீதி 13 பேர்?

128

பெரும்பான்மைக்கு விடை கிடைத்ததும் பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். டி கமில்லியின் குழு போகவில்லை. பல நாடுகளிலிருந்து சீரம் குப்பிகள் வந்துகொண்டிருந்தன.

இந்தக் கட்டத்தில் உதவியது இன்னொரு சோதனை. மூளையை அரைத்துப் புரதங்களைப் பிரித்தெடுத்து, சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருளில் ஊறவைத்து, ஜெல் பலகையின் மேல்முனையில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறிய புரதங்கள் வேகமாகக் கீழே ஓடும். பெரியவை மேலேயே தயங்கும். பிறகு அந்த வரிசை குலையாமல் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளுக்கு மாற்றி, அதைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையையும் ஒவ்வொரு நோயாளியின் சீரத்தில் நனைப்பார்கள். சீரத்தில் உள்ள ஆன்டிபாடி தன் புரதத்தைப் பிடித்த இடத்தில் ஒரு கருங்கோடு தோன்றும். அந்தக் கோட்டின் உயரம் புரதத்தின் எடையைச் சொல்லும்.

ஜிஏடி ஆன்டிபாடி உள்ளவர்களின் பட்டையில் கோடு ஏறக்குறைய 65 கிலோடால்டன் அளவில் விழும்.

மூன்று பட்டைகளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் வெகு மேலே, 128 கிலோடால்டன் அளவில், ஒரு கோடு இருந்தது. மூன்றிலும் ஒரே உயரத்தில்.

மூன்று சீரங்களும் பெண்களுடையவை. மூவருக்கும் மார்பகப் புற்றுநோய்.

இந்தத் தொடர் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இதுதான். மூன்று என்பது சிறிய எண்தான். மூவரும் வெவ்வேறு நோயாளிகள். ஆனால் அவர்கள் உடல்கள் ஒரே புரதத்தைக் குறிவைத்திருக்கின்றன. மார்பில் கட்டி இருப்பதற்கும், மூளைப் புரதம் ஒன்றுக்கு எதிராக ஆன்டிபாடி தோன்றுவதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது.

1993-இல் ஃபிராங்கோ ஃபொல்லியை முதலாசிரியராகக் கொண்டு கட்டுரை வெளிவந்தது. விறைப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் சீரத்தில் இந்தக் கோடு தெரிந்தால், மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பது மருத்துவர்களுக்கு அதிலிருந்து கிடைத்த பாடம்.

சரி, 128-இன் பெயர் என்ன?

கோழி மூளையிலிருந்து ஒரு பதில்

அட்லாண்டிக்குக்கு அப்பால், ஜெர்மனியின் போகும் என்ற நகரில், மான்ஃபிரெட் கிலிமனின் குழுவுக்கு இந்த நோயோடு எந்தத் தொடர்பும் இல்லை. நரம்பு முனையில் இன்னும் பெயர் வைக்காத புரதங்கள் எத்தனை இருக்கின்றன என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். கோழி மூளையின் நரம்பு முனைப் புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கி, அவை எந்தெந்த மரபணுவின் விளைபொருளைப் பிடிக்கின்றன என்று பார்ப்பது அவர்கள் வழி. அதில் சிக்கிய ஒன்றுக்கு 1992-இல் ஆம்ஃபிஃபைசின் என்று பெயர் வைத்தார்கள். நுண்பைகளோடு சேர்ந்திருக்கும் புரதம். என்ன வேலை செய்கிறது? தெரியாது.

இதுவே அந்த 128-ஆக இருக்குமா என்று பார்த்தால், ஒரு முரண் இருந்தது. மரபணுவின் வரிசையைப் படித்துக் கணக்குப் போட்டால் ஆம்ஃபிஃபைசினின் எடை 76 கிலோடால்டன் அளவில்தான் வருகிறது. 128-க்கு அருகில்கூட இல்லை. எடையை மட்டும் நம்பித் தேடியிருந்தால் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

ஆனால் ஆம்ஃபிஃபைசின் ஜெல்லில் ஓடும்போது தன் எடைக்கேற்ப ஓடுவதில்லை. அமிலத்தன்மை மிகுந்த புரதங்களுக்கு இப்படி ஆவதுண்டு. 76 என்று கணக்கு சொல்லும் புரதம், ஜெல்லில் 128-க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

இரு குழுக்களும் கைகோத்தன. ஒரு நோயாளியின் சீரத்தில் எண்ணற்ற வகை ஆன்டிபாடிகள் இருக்கும். இரண்டு புரதங்கள் ஒரே உயரத்தில் கோடு போடுவதும் தற்செயலாக நடக்கும். எனவே கோட்டைப் பார்த்ததும் குதித்துவிடக்கூடாது. மரபணுவிலிருந்து தனியாகத் தயாரித்த ஆம்ஃபிஃபைசினைச் சீரம் பிடிக்க வேண்டும். மற்ற நோயாளிகளின் சீரம் அதைப் பிடிக்கக் கூடாது. ஆன்டிபாடியை நம்பி வேலை செய்யும் எந்த ஆய்வகத்துக்கும் இன்றும் இதுவே அடிப்படை ஒழுக்கம். இதில் அவசரப்பட்டுத் தவறான புரதத்தின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் இந்தத் துறையில் உண்டு.

1993-லேயே ‘ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் மெடிசின்’ இதழில் முடிவு வந்தது. 128 என்பது ஆம்ஃபிஃபைசின்தான். டி கமில்லியின் பெயரும் கிலிமனின் பெயரும் ஒரே கட்டுரையில் இருந்தன.

அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் சீரம் சோதிக்கப்பட்டிருந்தது. 60 சதவீதத்தினருக்கு ஜிஏடி. சிலருக்கு மட்டும், எல்லோரும் மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள், ஆம்ஃபிஃபைசின்.

வேலையிலும் வடிவத்திலும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு புரதங்கள். ஆனால் இருப்பிடம் ஒன்று. இரண்டுமே நரம்பு முனைக்குள், நுண்பையின் வெளிப்பரப்பில் வந்து ஒட்டுபவை. மூளையைத் தாக்கும் ஆன்டிபாடிகளில் இந்த இடத்தைக் குறிவைத்தவையாக அன்று அறியப்பட்டவை இவை இரண்டே. நோயும் ஒன்றேதான். இதைத் தற்செயல் என்று எப்படி ஒதுக்குவது?

மார்பகக் கட்டிக்கும் மூளைப் புரதத்துக்கும் உள்ள முடிச்சு 1998-இல் அவிழ்ந்தது. சில மார்பகப் புற்றுக்கட்டிகள் ஆம்ஃபிஃபைசினைத் தாமே தயாரிக்கின்றன. கட்டியை எதிர்க்கக் கிளம்பும் பாதுகாப்புப் படை, அங்கே இருக்கக்கூடாத அந்தப் புரதத்தைக் கண்டு ஆன்டிபாடி உருவாக்குகிறது. அதே புரதம் மூளையில் உரிய இடத்தில் இருப்பது அதற்குத் தெரியாது.

பையின் கழுத்து

நோய் காட்டிக்கொடுத்த புரதத்தின் வேலை என்ன என்ற கேள்வி இப்போது அவசரமானது.

செய்தியை வெளியேற்றிய நுண்பையின் சவ்வு, வெளிச்சவ்வில் கலந்துவிடுகிறது. அதை மீட்டெடுத்து மறுபடி பையாக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் பைகள் தீர்ந்துவிடும். வெளிச்சவ்வு உள்நோக்கிக் குழிகிறது. கிளாத்ரின் புரதம் அந்தக் குழியைக் கூடைபோல் சூழ்கிறது. கடைசியில், சுருக்குப் பையின் வாயைக் கயிறு இறுக்குவதுபோல், டைனமின் என்ற புரதம் கழுத்தைச் சுற்றி இறுக்கி அறுத்துவிடுகிறது. இந்த டைனமின் பழுதான பழ ஈக்களை முந்தைய பகுதி ஒன்றில் சந்தித்தோம். வெப்பம் 29 டிகிரியைத் தாண்டினால் அசைவற்றுப் போகும் ஈக்கள் அவை.

1996-இல் டி கமில்லியின் குழு, நரம்பு முனையில் டைனமினைப் பிடித்துக்கொள்ளும் கூட்டாளி ஆம்ஃபிஃபைசின் என்று காட்டியது.

அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் நேரடிச் சோதனை. லாம்ப்ரே என்ற, தாடையில்லாத பழைய மீனினத்தின் தண்டுவடத்தில் நரம்பிழைகள் மிகப் பருமனானவை. கண்ணாடி ஊசியால் உள்ளே மருந்து செலுத்தலாம். ஆம்ஃபிஃபைசினின் ஒரு துண்டை மட்டும் உள்ளே செலுத்தினார்கள். டைனமினைப் பிடிக்கும் துண்டு அது. உள்ளே இருந்த டைனமினை அந்தத் துண்டு ஆக்கிரமித்துக்கொண்டால், உண்மையான ஆம்ஃபிஃபைசினால் அதை நெருங்க முடியாது.

பிறகு நரம்பைத் தூண்டிவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முனையைச் சுற்றிலும் குழிகள் குவிந்திருந்தன. எல்லாம் ஆழமாகக் குழிந்து, கூடை சூழ்ந்து, கழுத்து மட்டும் அறுபடாமல் வெளிச்சவ்வில் தொங்கிக்கொண்டிருந்தன.

2004-இல் கேம்பிரிட்ஜில் ஹார்வி மெக்மஹோனின் குழு, ஆம்ஃபிஃபைசினின் ஒரு பகுதி பிறை வடிவில் வளைந்திருப்பதையும், சவ்வின் வளைவை உணர்ந்து அதில் பொருந்துவதையும் கண்டது. மூன்று பெண்களின் பட்டையில் கருங்கோடாகத் தெரிந்த புரதம், இப்போது சவ்வு வளையும் இடத்துக்கு டைனமினை அழைத்துவரும் புரதமாகத் தெரிந்தது.

வூர்ட்ஸ்பர்க் எலிகள்

ஆனாலும் பெரிய கேள்வி ஒன்று அப்படியே நின்றது. இந்த ஆன்டிபாடி நோயை உண்டாக்குகிறதா? அல்லது நோய் வந்துபோன தடயம் மட்டும்தானா?

இரண்டாவதுதான் சரி என்று நினைத்தவர்கள் அதிகம். காரணம் வலுவானது. ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு. உயிருள்ள செல்லின் சவ்வைத் தானாகத் துளைத்துப் போகாது. ஆம்ஃபிஃபைசின் இருப்பதோ செல்லுக்குள். செல்லுக்குள் இருக்கும் புரதங்களைக் குறிவைக்கும் நோய்களில் உண்மையில் அழிவு செய்பவை பாதுகாப்புப் படையின் டி செல்கள், ஆன்டிபாடி வெறும் அடையாளம் என்பது அன்றைய பொதுவான பாடம். ஜிஏடி ஆன்டிபாடிகளைக் கொண்டு செய்த முயற்சிகளும் இதைத் தெளிவாக மாற்றவில்லை.

2005-இல், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து கிளாவுடியா சொம்மரின் குழு ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மார்பகப் புற்றுநோயும் விறைப்பும் இருந்த ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை இவை எளிதில் கடக்கா என்பதால், முதலில் அந்தத் தடுப்பு கசியும்படி எலிகளைத் தயார் செய்தார்கள். பிறகு ஆன்டிபாடியைச் செலுத்தினார்கள்.

எலிகளின் உடல் விறைத்தது. தசைகள் இழுத்துப் பிடித்தன. அளவைக் கூட்டக் கூட்ட விறைப்பும் கூடியது.

1924-இல் அயோவாவிலிருந்து வந்தவரைப் பார்த்து மோர்ஷ் எழுதி வைத்த அறிகுறிகளுக்கு ஒத்தவை, 81 ஆண்டுகள் கழித்து, ஆன்டிபாடி மட்டுமே போய் எலிகளில் தோன்றின. 2010-இலும் 2016-இலும் தொடர்ந்த ஆய்வுகள் மேலும் சொல்லின. ஆன்டிபாடி நரம்பு செல்களுக்குள் காணப்பட்டது. காபாவின் தடைச் செய்தி குறைந்தது. நுண்பைகள் மீண்டும் உருவாவது தடுமாறியது. ஓயாமல் வேகமாகச் செய்தி அனுப்பும் தடை நரம்புகளுக்கே பைகளின் தேவை அதிகம். அதனால் அவையே முதலில் தவிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்ளே போகாது என்றவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. நரம்பு முனை, தன் சவ்வை மீட்டெடுக்க ஓயாமல் வெளியிலிருந்து உள்வாங்குகிறது. ஒவ்வொரு குழியும் மூடும்போது வெளியே இருக்கும் திரவத்தில் ஒரு துளியும் சேர்ந்து உள்ளே வரும். அந்தத் துளியில் ஆன்டிபாடியும் வரலாம். ஆம்ஃபிஃபைசின் காவல் காக்கும் அதே வாசல் வழியாக.

ஆனால் அப்படி வந்த ஆன்டிபாடி இருக்கும் இடம் நுண்பையின் உட்புறம். ஆம்ஃபிஃபைசின் ஒட்டியிருப்பது பையின் வெளிப்புறம். இடையில் ஒரு முழுச் சவ்வு இருக்கிறது. மூடிய பைக்குள் மாட்டிக்கொண்ட ஆன்டிபாடி, அந்தச் சவ்வைக் கடந்து தன் புரதத்தைத் தொட்டது எப்படி?

(தொடரும்)